வண்டிக்குப் பின்னால் நின்றவர்கள்

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஆவரம்பட்டி என்று ஓர் ஊர், ஊரைச் சுற்றிக் கரிசல், கரிசலைச் சுற்றி வேலிக்கருவேல். அந்த ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்த கனகவேல் ஒரு பழைய டீசல் கார் வாங்கினார் என்றால், அது பவிசுக்கு வாங்கியதும் இல்லை, சொகுசுக்கு வாங்கியதும் இல்லை, இனி எந்த விசேஷத்துக்கும் பிந்திப் போய் நிற்கக்கூடாது என்ற வீம்புக்கு வாங்கியது.

வீம்புக்குக் காரணம் ஒரு காதுகுத்து. அவருடைய அக்கா கோமதிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் நாகஜோதி, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும், அந்த மடி கனகவேலின் மடி. பட்டுப்பாவாடை, கம்மல், பழம், வெல்லம் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் அடுக்கித் துண்டால் மூடிக்கொண்டு அவர் பஸ் ஏறினார், வழியில் பஸ்ஸின் டயர் வெடித்தது, வேறு பஸ் வரவில்லை, தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் குறுக்கே நடந்தார், முந்தின நாள் மழையில் நனைந்த கரிசல் முதலில் ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது, பிறகு மற்றதையும் வாங்கிக்கொண்டது, வெறுங்காலோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், பிள்ளை ஒன்றுவிட்ட அண்ணன் முத்துக்குமரேசனின் மடியில் இருந்து அழுதுகொண்டிருந்தது.

"நல்ல நேரம் போயிட்டு இருந்துச்சுலே தம்பி, நான் என்ன செய்ய? வா, காலைக் கழுவு, இலை போட்டிருக்கு" என்றாள் அக்கா.

அவள் சொன்னது அவ்வளவுதான், அதில் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் கனகவேலுக்கு அன்று காதில் விழுந்ததெல்லாம் பிள்ளையின் அழுகை மட்டும்தான். தாம்பாளத்தைக் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வந்த வழியே வெறுங்காலோடு திரும்பி நடந்தார். அக்கா ஆள் விட்டுப் பார்த்தாள், அவர் போகவில்லை, பிறகு அவளுக்கும் ரோஷம் வந்தது. "வாசல்ல வச்சிட்டுப் போன தாம்பாளத்த அத்தன பேரு முன்னால நான்தான குனிஞ்சு எடுத்தேன், எனக்கு மட்டும் மானம் இல்லியா?" என்று யாரிடமோ கேட்டாளாம். அதோடு பேச்சு நின்றது. சுற்று வட்டாரத்தில் நடக்கிற காதுகுத்துக்கெல்லாம் கனகவேலின் அண்டாவில்தான் சோறு வெந்தது, அக்கா வீட்டு அடுப்பில் மட்டும் அவர் பாத்திரம் ஏறவில்லை.

பல வருஷம் காசு சேர்த்து அப்படி வாங்கிய கார்தான் அது. விற்ற தரகர், ஒரு டாக்டர் ஓட்டின வண்டி என்று சொன்னார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் ஏதோ ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார் என்பதால் கனகவேலும் அதை நம்பினார். வாங்கிய வாரமே முகப்பில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. மேட்டில் இழுக்கவில்லை, பள்ளத்தில் திணறியது, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் நின்றுபோனது, காலை வைத்து மிதித்தால் பின்னால் சைலன்சரில் இருந்து கரும்புகை கிளம்பித் தெருவை மூடியது.

மெக்கானிக் சவரிமுத்து ஒவ்வொரு முறையும் ஒரு கள்ளனைப் பிடித்தார். "இந்தத் தடவ ஆளைப் பிடிச்சிட்டேன் அண்ணாச்சி, இன்ஜெக்டர்தான் கள்ளன்" என்பார். அடுத்த முறை கள்ளன் பம்பு, அதற்கடுத்த முறை ஏர் ஃபில்டர், அப்புறம் டர்போ, அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாத ஏதோ ஒரு சென்சார். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்து நல்ல பிள்ளையாக வெளியே வரும், பஸ் நிறுத்தம் தாண்டியதும் இருமும், மஞ்சள் விளக்கு எரியும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன கனகவேலின் மனைவி சண்முகக்கனி, தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள். பிந்தக்கூடாது என்று வாங்கிய காரில் கனகவேல் போகிற இடத்துக்கெல்லாம் பிந்திப் போனார்.

ஒரு நாள் கார் பால்துரை, ஞானதுரை கடைகளுக்கு முன்னால் நின்றது. ஒரே டீக்கடை, அப்பன் வைத்தது, அவர் செத்ததும் அண்ணனும் தம்பியும் நடுவில் தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். கனகவேல் வண்டியைக் கிளப்பி மிதித்தார். புகை இரண்டு கடைக்குள்ளும் பாரபட்சமில்லாமல் நுழைந்தது. இருவரும் இருமினார்கள், குனிந்து, கண்ணில் நீர் வர, அடிவயிற்றில் இருந்து இருமினார்கள், இருமி முடித்தபோது இருவர் உள்ளங்கையிலும் மிளகு மாதிரி ஒரு கறுப்பு மணி இருந்தது.

பால்துரை மணியைப் பார்த்தான். தட்டிக்கு மேலே எட்டித் தம்பியைப் பார்த்தான்.

"எதுக்குலே நாம பேசாம இருந்தோம்?"

"பாய்லர் யாருக்குங்கதுக்குத்தானண்ணே."

"அதுக்கா?"

சாயங்காலம் தட்டியைப் பிரித்துவிட்டார்கள். டீ முன்பைவிட நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது, புகை கோபத்தை எடுத்ததைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. புகை என்றால் எதையாவது கறுப்பாக்கும், எதையாவது வெளியே கொண்டுவரும், வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பிழைக்கிற ஊருக்கு இது தெரியாதா?

அதன் பிறகு ஆவரம்பட்டி அந்தப் புகையை, புதிதாக வந்த ஒரு பஸ் ரூட்டை எடுத்துக்கொள்வதுபோல் எடுத்துக்கொண்டது. வரப்புத் தகராறுக்காரர்கள் வந்தார்கள், மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு ஆட்டோவில் வந்து ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள், பாகம் பிரிக்கக் கோவில்பட்டிக்குப் புறப்பட்ட குடும்பங்கள் வழியில் இறங்கி ஒரு மூச்சு வாங்கிவிட்டு வக்கீலைப் பார்க்காமலே வீடு திரும்பின. கோபத்தின் அளவுக்கு மணி வந்தது, சிலருக்குக் கடுகு, சிலருக்கு மிளகு, சம்பந்தியோடு மல்லுக்கு நின்ற ஒரு லாரி முதலாளிக்குக் கொட்டைப்பாக்கு அளவில் வந்து, தொண்டையில் பாதி வழியில் சிக்கி, அவர் திணறிப்போனார். பிள்ளை பெற்றவர்கள் அந்த மணியைத் தேய்த்துக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள், அது குளித்தாலும் அழியாமல் நின்றது. தேர்தல் வந்தபோது, தொண்டர்கள் சமாதானமாகிவிட்டால் வேலை ஓடாது என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றுகூடி வந்து, ஓட்டு எண்ணும்வரை காரை எடுக்க வேண்டாம் என்று கனகவேலைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். புகைச் சான்று கொடுக்கிறவர் சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தார், இருமினார், கையில் இருந்த மணியைப் பார்த்தார், மெஷினை அப்படியே விட்டுவிட்டு மச்சினனைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். சான்று மட்டும் கிடைக்கவில்லை.

எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். பட்டாசு ஆலைத் தீயில் மகனைப் பறிகொடுத்த செங்கமலம், கார்ச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வாள். ஆலைக்காரர்களின் ஆட்கள் வந்து, ஒரு மூச்சு வாங்கிவிட்டால் மனசு லேசாகும் என்று நயமாகச் சொன்னபோது, "அவுகள வந்து நிக்கச் சொல்லுங்க. இந்தக் கோவம் என் மவனோடது. அவன் வர மாட்டான், நான் வச்சிருக்கேன்" என்றாள். ஊர் அதையும் சரி என்று எடுத்துக்கொண்டது. அவள் தெருவுக்குள் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு நாலு பேர் காரைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

ஒரு வழக்கமும் தானாக உண்டாயிற்று. வண்டிக்குப் பின்னால் நின்றது யார் என்று ஒருவரும் வெளியே சொல்லக்கூடாது. கோபத்தை விட வருகிறவன் வெட்கத்தோடுதான் வருவான், அதைப் போய்த் தெருவில் பேசினால் அடுத்த ஆள் வர மாட்டான் என்பது ஊரின் கணக்கு. துண்டால் தலையை மூடிக்கொண்டு வந்தவர்களை, முக்காடு போட்டு வந்தவர்களை, ஊர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது. நல்ல வழக்கம்தான், நல்ல வழக்கங்களும் சில நேரம் மனிதனைக் கவிழ்த்துவிடும்.

இத்தனை பேர் கோபத்தையும் எடுத்த புகை, கனகவேலை மட்டும் தொடவில்லை. புகை பின்னால் போயிற்று, அவர் முன்னால் இருந்தார். காலை எடுத்தால் நின்றுவிடும் வண்டி, அதனால் ஊர் மொத்தமும் பின்னால் நின்று இருமுகிறபோது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டே இருந்தார். அது மட்டும் இல்லை, கரிசல் வெயிலில், ஏ.சி.யும் வேலை செய்யாத அந்தக் காருக்குள், கண்ணாடிகளை எல்லாம் இறுக்கி ஏற்றி வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். காற்று திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த ஒன்று, ஒரு இருமலில் போய்விட்டால் அப்புறம் கையில் என்ன இருக்கும்?

சண்முகக்கனிக்கு இது தெரியும். "நான் வேணா ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிடுதேன். நீங்க ஒருக்கா பின்னால போயி நில்லுங்களேன்" என்றாள்.

"எதுக்கு? எனக்கென்ன கோவம்? எனக்கு வருத்தம்தான்."

"அந்த வருத்தத்த மதினிட்டப் போயிச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துப் பாதை."

"இந்த வண்டியிலயா? நடுவழியில நின்னு, அங்கயும் பிந்திப் போயி நிக்கவா? வண்டி சரியாகட்டும், போவோம்."

வண்டி சரியாகட்டும் என்பதை அவர் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லிச் சொல்லி அது அவருக்கே ஒரு நியாயமாகப் பட்டது.

மிளகாய் வற்றல் சீசனில் ஒரு சந்தை நாள். பின்னால் கூட்டம், பின் கண்ணாடி முழுக்கக் கரி, பக்கக் கண்ணாடிகளும் கரி, கனகவேலுக்கு யாரும் தெரியவில்லை, இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பந்தல்குடியில் ஒரு வளைகாப்புக்குப் பாத்திரம் இறங்க வேண்டும், வழக்கம்போல் பிந்திவிட்டது. அவர் கியரைப் போடுகிற நேரத்தில் பக்கத்துக் கண்ணாடியை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். மெதுவாக, மறுபடியும் மெதுவாக. ஒரு மூச்சு வாங்கினவர்கள் இன்னொரு மூச்சு கேட்பது வழக்கம், அப்படி யாரோ ஒரு அம்மாள் என்று நினைத்தார், முக்காடும் வளையல் போட்ட கையும் கரிக்கு நடுவே மங்கலாகத் தெரிந்தன. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "நாளைக்கு, நாளைக்கு" என்று கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். கதை சொல்கிற எனக்கே இந்த இடத்தில் அவர் முதுகில் ஒன்று வைக்க வேண்டும்போல் இருக்கிறது.

மழைக்காலம் முடிந்தபோது காரின் பதிவுக் காலமும் முடிந்தது. புதுப்பிக்கப் புகைச் சான்று வேண்டும், அந்தப் புகைக்கு யாரும் சான்று கொடுக்க மாட்டார்கள். ஊர் கூடிப் பேசியது, காரை ஓட்டாமலே கடை முன்னால் நிறுத்திப் புகை மட்டும் விட்டால் என்ன என்று கேட்டது. கனகவேல் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் போக வேண்டிய ஓர் இடம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல், "ஊருக்காக எத்தன நாளுய்யா நான் கரியத் தின்னுட்டு இருக்க?" என்று சத்தம் போட்டார். சவரிமுத்து இன்ஜினை முழுசாக இறக்கினார். ரிங், நாசில், பம்ப், சைலன்சர் என்று ஒன்று விடாமல் கழற்றி, கழுவி, மாற்றி, ஏற்றி, அசராமல் ஒரு பெரிய வேலையை முடித்தார். முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பி, வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் பிடித்துக் காட்டினார். அது வெள்ளையாகவே இருந்தது. "கள்ளன் ஒருத்தன் இல்ல அண்ணாச்சி, எல்லாவனும் கூட்டு" என்றார்.

சான்று வந்தது. கனகவேல் ஸ்டிக்கர் பொட்டை உரித்துப் பார்த்தார், விளக்கு அணைந்திருந்தது. ஊருக்குள் மெல்ல மெல்ல வரப்புத் தகராறுகள் திரும்பின, பால்துரையும் ஞானதுரையும்கூட ஒரு நாள் முறைத்துக்கொண்டு பழைய தட்டியைத் தேடினார்கள், அது எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தது.

"வண்டிதான் சரியாயிட்டே, போவமா?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

"மார்கழியிலயா? தை பெறக்கட்டும்" என்றார் கனகவேல். தை பிறந்தது, முகூர்த்தங்கள் வந்தன, கடையில் ஒரு கரண்டி மிச்சமில்லை. மாசி வரட்டும் என்றார். வெட்கமாக இருந்தது அவருக்கு, உண்மை அதுதான், போய் நின்றால் அக்கா என்ன கேட்பாள், தான் என்ன சொல்வோம் என்று சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே காரை நிறுத்தி உட்கார்ந்து யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

மாசியில் ஒரு காலை கோவில்பட்டியில் அக்கா வீட்டில் இருந்து போன் வந்தது. வாசலில் கோலம் போடக் குனிந்த அக்கா நிமிரவில்லை.

பிறந்த வீட்டுக் கோடி வந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள், அதைக் கொண்டுபோக வேண்டியவர் கனகவேல். ஜவுளிக் கடையில் சண்முகக்கனி மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள், மதினிக்கு அந்த நிறம் பிடிக்கும் என்றாள், கனகவேலுக்கு அது மறந்துபோயிருந்தது. கார் கிளம்பியது. மேட்டில் இழுத்தது, பள்ளத்தில் திணறவில்லை, முன்பு பஸ் டயர் வெடித்த இடத்தைத் தாண்டியது, செருப்பை வாங்கிக்கொண்ட கரிசலைத் தாண்டியது, எங்காவது நின்றுவிடாதா என்று அவர் நெஞ்சுக்குள் கெஞ்சினார், அது நிற்கவில்லை. அக்கா வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தல்கூடப் போட்டிருக்கவில்லை, மேளக்காரர்கள் வரவில்லை, சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் எல்லோருக்கும் முந்தி வந்திருந்தார்.

நாகஜோதி வாசலுக்கு வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். காலேஜ் முடித்த பெண், அக்காவின் அதே நெற்றி. காதில் இருந்தது அன்றைக்கு அவர் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் போன கம்மல்.

கோடியைப் போர்த்திவிட்டு அவர் சுவரோரம் உட்கார்ந்தார். ஆவரம்பட்டியில் இருந்து பின்னாலேயே பஸ்ஸில் வந்த பால்துரையும் ஞானதுரையும் வாசலில் நின்றார்கள், அவர் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அம்மா உங்க ஊருக்கு வந்தாங்களே மாமா, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் நாகஜோதி. "போன வத்தல் சீசன்ல. வண்டிக்குப் பின்னால நின்னாங்களாம். அப்புறம் வந்து கண்ணாடியத் தட்டினாங்களாம். நீங்க நாளைக்குன்னு கை காட்டினீங்களாம்."

கனகவேல் வாசலுக்கு வெளியே நின்ற காரின் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, அவன் மாறவே இல்ல, அதே அவசரம், ஆனா நாளைக்கு வாரேன்னுட்டான்னு. மறுநாள்ல இருந்து உலையில ஒரு ஆளுக்குச் சேத்துத்தான் அரிசி போடுவாங்க மாமா. நேத்து வரைக்கும். மிச்சம் விழுந்த சோத்துல தண்ணி ஊத்தும்போதெல்லாம், சரி, நாளைக்குன்னுதான சொன்னான்னு அவங்களே சொல்லிக்கிடுவாங்க."

அவள் சாமி அலமாரியில் இருந்து மஞ்சள் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். மஞ்சளுக்கு மேலே ஒரு கறுப்பு மணி இருந்தது. மிளகு இல்லை, கடுகும் இல்லை, கசகசாவில் பாதி இருக்கும். கனகவேல் இந்த வட்டாரத்துக் கோபங்களை எல்லாம் பார்த்தவர், இவ்வளவு சின்னதை அவர் பார்த்ததே இல்லை. இதை எடுக்கப் புகை தேவையில்லை, ஒரு தும்மலில் போயிருக்கும். புகைக்காக அவள் வரவில்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தம்பி கூப்பிடாமல் தம்பி ஊருக்குப் போக அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அந்தச் சாக்குக்காகக் கூட்டத்தில் முக்காடு போட்டு நின்று, கரியைத் தின்று, பொய்யாக இருமிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள்.

அவர் எழுந்தார். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, காரின் பின்னால் போய் நின்றார்.

"ஏட்டி கனி, வண்டியக் கிளப்பு" என்றார். "மிதி."

சண்முகக்கனி கேள்வி கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள், மிதித்தாள். கனகவேல் சைலன்சர் வாய்க்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து, இழுத்து மூச்சு வாங்கினார்.

"இன்னும் மிதி" என்றார். மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள், துக்க வீட்டுக்கு முன்னால் ஒரு மனிதன் ஓடுகிற காரின் பின்னால் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் உள்ளே போனார்கள். "இன்னும் மிதி, இன்னும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், அவள் அழுதுகொண்டே மிதித்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு இருமல் வரவில்லை. சூடான, சுத்தமான காற்று மட்டும் முகத்தில் அடித்தது. சவரிமுத்து வேலையை நன்றாகவே செய்திருந்தார்.